காலையில் மட்டும் மக்கர் பண்ணும் டீசல் கார்: இன்ஜெக்டரில் கை வைக்கும் முன்

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2014 மாடல் 1.3 லிட்டர் டீசல் கார் இருக்கிறது. 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ஐந்தாறு தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் வெள்ளைப் புகையோடு உதறுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. பகலில் எத்தனை தடவை நிறுத்தி எடுத்தாலும் ஒரே செல்ஃப்தான். மெக்கானிக் நாலு இன்ஜெக்டரும் ஹீட்டர் பிளக்கும் மாற்றணும் என்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணன் படகுக்கு வாங்கி மிச்சம் கிடந்த கேன் டீசலைச் சில தடவை காரில் ஊற்றினேன். அதுதான் காரணமா?"

கேன் டீசலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது: காலையில் மட்டும்தான் தொல்லை, சூடானால் இல்லை. டீசல் வண்டியில் எந்த நேரத்தில் கோளாறு வருகிறது என்பது பெரிய துப்பு. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். அது தேய்ந்தால் பெரும்பாலும் வண்டி சூடாக இருக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த இடுக்கு வழியே ரிட்டர்ன் லைனுக்கு (மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்) அதிகமாகக் கசியும், ரயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) அழுத்தம் ஏறாது. மதியம் டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது அடம்பிடிக்கிற வண்டி என்றால் நானும் இன்ஜெக்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கெட்டாலும் அதிகமும் சூட்டில்தான் மக்கர் பண்ணும். உங்கள் வண்டி நேர்மாறாக நடக்கிறது. அதனால் நாலு இன்ஜெக்டருக்கும் இப்போதே பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ஹீட்டர் பிளக்? ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டருக்குள் சூடு கொடுப்பது அது. காலையில் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை வருகிறது என்றால் உடனே அதைச் சொல்வது வழக்கம். ஊட்டியில் சரி, கொடைக்கானலில் சரி. நம் கடலோரத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) நன்றாக இருக்கும் காமன் ரயில் இன்ஜின் அந்தச் சூட்டில் ஹீட்டர் பிளக் உதவி இல்லாமலே பிடிக்கும். ஒரு பிளக் போயிருந்தால் முதல் சில விநாடி லேசாக உதறலாம், அவ்வளவுதான். மல்டிமீட்டரில் பிளக்கின் ஓம் அளவைப் பார்த்தால் முடிந்தது: நல்ல பிளக் 1 ஓம் பக்கத்தில் காட்டும், எரிந்த பிளக் ஒன்றுமே காட்டாது. போனதை மட்டும் மாற்றலாம். பழைய பிளக் ஹெட்டுக்குள் முறிந்துகொண்டால் செலவு எங்கேயோ போய்விடும். ஆகவே தேவையில்லாமல் நாலையும் கழற்றச் சொல்லாதீர்கள்.

உங்கள் வண்டியில் நான் முதலில் தேடுவது காற்று. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எங்கேயாவது மயிரிழை ஓட்டை இருந்தால், லைனில் நிற்க வேண்டிய டீசல் மெதுவாக டேங்க்குக்கே திரும்பிவிடும், அந்த இடத்தில் காற்று நிற்கும். காலையில் செல்ஃப் அடிக்க அடிக்க பம்ப் அந்தக் காற்றைத்தான் மெல்லுகிறது. ரயிலில் அழுத்தம் ஏறத்தாழ 200 பார் அளவைத் தொட்டால்தான் வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். அதுவரை நீங்கள் அடிப்பதெல்லாம் பேட்டரிக்குத்தான் நஷ்டம். பிடித்த பிறகும் மிச்சக் காற்று வெளியேறும் வரை உதறும், அரைகுறையாக எரிந்த டீசல் வெள்ளைப் புகையாக வரும். நீங்கள் சொன்ன இரண்டு மூன்று நிமிடக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. "டீசல் ஒழுகவே இல்லையே" என்பீர்கள். பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டியதில்லை, காற்றுதான் உள்ளே போகும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். ஒரு ராத்திரி வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். தட்டையான நம் மாவட்டத்தில் சரிவுக்கு எங்கே போவது என்றால், கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும் பாதை போதும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்காதீர்கள். டேங்க் மேலேயும் இன்ஜின் கீழேயும் இருந்தால் டீசல் பின்னால் இறங்காது. மறுநாள் ஒரே செல்ஃபில் பிடித்தால் குற்றவாளி காற்றுதான் என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுக்கலாம். கையால் அமுக்கும் பிரைமர் உள்ள வண்டியில், அது கல் மாதிரி இறுகும் வரை அமுக்கிவிட்டு எடுத்துப் பார்க்கலாம். டேங்க்குக்குள் மின் பம்ப் உள்ள வண்டியில், சாவியை ஆன் செய்து ஐந்து விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள்.

ஓட்டை எங்கே என்று பார்க்க, பில்டருக்கும் பம்புக்கும் நடுவே, அழுத்தம் குறைந்த பக்கத்தில் மட்டும், டீசல் தாங்கும் கண்ணாடி ஓஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நாலைந்து குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. சரம் சரமாக வந்துகொண்டே இருந்தால் அதற்கு முன்னால் எங்கோ ஓட்டை. பில்டர் மூடியின் ஓ-ரிங், அடியில் தண்ணீர் திறக்கும் திருகு, ஓஸ் கிளிப் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கடைசியாகப் பில்டர் மாற்றிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா என்று யோசியுங்கள். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது. இன்ஜெக்டர் தலையில் இருக்கும் சின்ன ரிட்டர்ன் ஓஸ்களும் பிளாஸ்டிக் டீ-களும் சூட்டில் நொறுங்கும், அவற்றையும் விரலால் அசைத்துப் பாருங்கள்.

இப்போது கேன் டீசல். படகுக்கு விற்பனை வரி விலக்கோடு கிடைக்கும் டீசலைக் காரில் ஊற்றுவது முறையும் இல்லை, சட்டமும் விடாது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்த வெக்கையில் பாதி காலியான கேன் கடற்கரைக் கொட்டகையில் கிடக்கிறது. பகலில் விரிந்த காற்று ராத்திரியில் சுருங்கும்போது மூடி வழியே ஈரக் காற்றை இழுக்கும், அது உள்சுவரில் வேர்த்து அடியில் தண்ணீராகத் தேங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி மாதிரிக் கறுப்புக் கொழகொழப்பும் வளரும். பழைய படகு இன்ஜின் இதையெல்லாம் ஓரளவு பொறுத்துப்போகும். 1,600 பார் வரை போகும் காமன் ரயில் பம்ப் பொறுக்காது. டீசல்தான் அதற்கு மசகு, தண்ணீர் போனால் உள்ளே உலோகம் உலோகத்தை அரைக்கும்.

பில்டர் அடித் திருகைத் திறந்து, ஒரு டம்ளர் அளவு டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா, நடுவில் கறுப்புத் திரிதிரியாக எதுவும் தொங்குகிறதா என்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் என்றால் பில்டரை மாற்றி, இனி டேங்க்கைப் பாதிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொழகொழப்பு இருந்தால் பில்டர் மாற்றிப் பயனில்லை, டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். பாட்டிலில் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், பம்ப் தேய ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது சந்தேகம் உப்பு. அது ஒயரை அரித்துச் செல்ஃபை மந்தமாக்கும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் ரயிலில் அழுத்தம் ஏறாது, காற்று பிடித்த வண்டி போலவே நடிக்கும். காலையில் எடுக்கும் முன் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்று மந்தம் என்றால் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் செத்துக்கொண்டிருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். ஒயர் முனையில் இருக்கும் லக் (உலோக வளையம்) பக்கத்தில் ரப்பரைக் கொஞ்சம் சீவினால் உள்ளே செம்பு பச்சைத் தூளாகியிருக்கும். பாம்பன், தனுஷ்கோடி வண்டிகளில் இது சர்வசாதாரணம். அரிச்சல்முனை போய்வந்து வண்டி கழுவுகிறவர்கள் கவனிக்க: போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவதே உப்புப் பூசுவதுதான். அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர், இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. விசைப்படகு இன்ஜின் பார்த்துப் பழகியவர்கள், ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். உங்கள் காரில் அதை யாரையும் செய்ய விடாதீர்கள். ஐட்லிங்கிலேயே அந்தப் பைப்பில் 200, 300 பார் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும், பார்வைக்கு ஊசி குத்தியது போலத்தான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம், ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது ஆபத்து.

காற்று, தண்ணீர், உப்பு மூன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் இன்ஜெக்டர் பேச்சு. அப்போதும் முதலில் ரிட்டர்ன் சோதனை: நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஓஸையும் கழற்றி, தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐட்லிங்கில் சில நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். மூன்று பாட்டிலில் ஒரே மட்டமும் ஒன்றில் மட்டும் மளமளவென்றும் ஏறினால் மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். புது இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள், அடியில் செம்பு வாசரும் புதிதாகவே இருக்கட்டும். நாலிலும் மட்டம் ஒன்றாக இருந்து, அப்படியும் காலையில் இழுத்தால், கம்ப்ரஷனும் டைமிங் செயினும் பார்க்க வேண்டிய கட்டம் அது. அதற்கு மண்டபத்தில் நேரத்தைக் கடத்தாமல், கம்ப்ரஷன் மீட்டர் கையில் வைத்திருக்கும் ஒர்க் ஷாப்பாகப் பார்த்து ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ கொண்டுபோய்விடுங்கள்.