சீட்டு கையில், தூக்கம் கண்ணில்: பிரிட்ஜ் சீட்டாட்டக் கேள்வி-பதில்

கேள்வி: ஆபீஸ் முடிந்ததும் நேராக கிளப்புக்குப் போகிறேன். டூப்ளிகேட்டில் (ஒரே சீட்டுப் பங்கீட்டை எல்லா மேஜையிலும் ஆடும் போட்டியில்) முதல் 15 போர்டு (பங்கீடு) வரை சரியாக ஆடுகிறேன். அதற்கு மேல், வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் உடனே பிடிபடும் ஆட்டத்தைக்கூடக் கோட்டை விடுகிறேன். ஏன்? (சென்னை வாசகர்)

பதில்: களைத்துப்போனவருக்கு ஆட்டம் மறந்துவிடுவதில்லை. நின்று யோசிக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கை தானாகச் சீட்டைப் போட்டுவிடுகிறது. அப்படி நழுவும் இடம் பெரும்பாலும் முதல் ட்ரிக்தான் (ட்ரிக் என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்று).

ஓர் உதாரணம். கான்ட்ராக்ட் (ஏலத்தில் எடுப்பதாகச் சொன்னது) 3 நோ ட்ரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் 9 ட்ரிக். உங்கள் கையில் டைமண்ட் கிங், 3. டம்மியில் (மேஜையில் விரித்து வைத்த பார்ட்னரின் சீட்டுகளில்) ஏஸ், குயின், ஜாக், 10, 4. டம்மிக்குப் போக வேறு வழியே இல்லை. டைமண்டில் 5 ட்ரிக் தயாராகக் காத்திருக்கிறது. கிங்கை முதலில் ஆடி, பிறகு 3-ஐப் போட்டு டம்மிக்குப் போனால் ஐந்தும் வரும். அவசரத்தில் 3-ஐப் போட்டு ஏஸில் எடுத்துவிட்டால், அடுத்த சுற்றில் கிங் தானே ஜெயித்து உங்களைக் கையிலேயே மாட்டிவைக்கும். வந்தது 2 ட்ரிக், டம்மியில் செத்தது 3. இது தெரியாத கிளப் ஆட்டக்காரர் கிடையாது. இருந்தும் 20-வது போர்டில் இப்படித்தான் நடக்கிறது.

அதனால் டம்மி விரிந்ததும் உங்கள் சீட்டுகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். கையில் சீட்டு இருந்தால் விரல் சும்மா இருக்காது. நோ ட்ரம்ப் என்றால் உறுதியான ட்ரிக்குகளை எண்ணுங்கள், துருப்பு ஆட்டம் என்றால் போகக்கூடிய ட்ரிக்குகளை எண்ணுங்கள். அடுத்து, எந்தக் கைக்கு எப்போது போக வேண்டும் என்று பாருங்கள். அதன் பிறகு டம்மியில் சீட்டைச் சொன்னால் போதும். ஒரு போர்டுக்கு ஏழரை நிமிடம் கிடைக்கிறது. அதில் அரை நிமிடம் இங்கே செலவானால் பின்னால் ஒவ்வொரு ட்ரிக்கிலும் தடுமாறும் நேரம் மிஞ்சும். 'சின்னது' என்று பழக்கத்தில் வாய் விடுவதுதான் பெரிய ஆபத்து. வாய் தவறிச் சொன்னதைத் திருத்த விதியில் இடம் உண்டு. கவனம் சிதறிச் சொன்னதைத் திருத்த இடம் இல்லை.

கேள்வி: 4 ஸ்பேடு (ஸ்பேடு துருப்பு, 10 ட்ரிக் வேண்டும்), நான்தான் டிக்ளேரர் (கான்ட்ராக்டை ஆடுபவர்). சரியாக 10 ட்ரிக் எடுத்தேன். நடுவில் கையில் ஒரு டைமண்ட் இருக்கும்போதே டைமண்ட் ட்ரிக்கைத் துருப்பால் வெட்டியிருக்கிறேன். டைரக்டர் (போட்டி நடுவர்) 2 ட்ரிக்கைக் கழித்துவிட்டார். அவ்வளவு கடுமையான தண்டனையா? (கோவை வாசகி)

பதில்: விதிப்படி சரியே. ரிவோக் (கேட்ட ஜாதிச் சீட்டு இருந்தும் வேறு ஜாதியைப் போடுவது) செய்தவரே அந்த ட்ரிக்கை ஜெயித்து, அதற்குப் பிறகு அவர் தரப்பு இன்னொரு ட்ரிக்காவது எடுத்திருந்தால் இரண்டு ட்ரிக் போகும். நீங்கள் வெட்டி ஜெயித்ததால் இரண்டு போயிற்று, 10 எட்டாகி 2 டவுன் (2 ட்ரிக் குறைவு). ரிவோக் செய்தவர் அந்த ட்ரிக்கை ஜெயிக்காமல், அவர் தரப்பு அதையோ பிறகு ஒன்றையோ எடுத்திருந்தால் ஒன்றுதான் போகும்.

இது பெரும்பாலும் கண்ணின் தவறு. சீட்டை ஸ்பேடு, ஹார்ட், கிளப், டைமண்ட் என்று கறுப்பும் சிவப்புமாக மாற்றி அடுக்கியிருப்பீர்கள். ஆனால் கிளப் தீர்ந்ததும் ஹார்ட்டும் டைமண்டும் ஒட்டிக்கொள்ளும். நான்கு ஹார்ட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை டைமண்ட் ஒளிந்துகொள்ளும். ஒரு ஜாதி தீர்ந்த கணமே மறுபடி அடுக்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய காவல் உங்கள் பார்ட்னர். 'டைமண்ட் இல்லையா?' என்று டிக்ளேரரைக் கேட்க டம்மிக்கு உரிமை உண்டு. நீங்களோ உங்கள் டம்மியோ அடுத்த ட்ரிக்குக்குச் சீட்டு போடாதவரை திருத்திக்கொள்ளலாம், டிக்ளேரருக்குத் தண்டனையே கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தவறாமல் கேட்கும்படி பார்ட்னரிடம் சொல்லிவையுங்கள். சந்தேகம் வந்தால் மட்டும் கேட்கும் டம்மியால் பயனில்லை.

கேள்வி: இரவு 9 மணிக்கு மேல் சீட்டுகளை எண்ண முடிவதில்லை. 13 வரை போவதற்குள் தொடர்பு அறுந்துவிடுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: 13 வரை ஏன் எண்ண வேண்டும்? டம்மி விழுந்தபோதே வெளியே எத்தனை என்று கழித்துவிடுங்கள். உங்கள் தரப்பில் 8 துருப்பு என்றால் வெளியே 5. அது 3-2 ஆகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு. இரு எதிராளிகளும் இரண்டு சுற்றுக்குத் துருப்பு போட்டால் வெளியே ஒன்றுதான் பாக்கி. ஐந்துக்குள் எண்ணுவது களைத்த மூளைக்கும் முடியும். துருப்போடு இன்னும் ஒரே ஒரு ஜாதியை மட்டும் பின்தொடருங்கள். நாலையும் பிடிக்கப் போனால் நாலும் கைநழுவும்.

டிஃபென்ஸில் (டிக்ளேரரை எதிர்த்து ஆடும்போது) பாயிண்டுக்கும் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1, மொத்தம் 40) இதே கழித்தல்தான். எதிராளி 15-17 பாயிண்டைக் காட்டும் நோ ட்ரம்பில் ஏலத்தைத் திறந்தார், டம்மியில் 10, உங்களிடம் 8 என்றால், 40-இல் கழிக்க பார்ட்னரிடம் 5 முதல் 7 வரை. முதல் ட்ரிக்கில் ஒருமுறை போட்ட இந்தக் கணக்கு கடைசி வரை உதவும்.

கேள்வி: டிரான்ஸ்ஃபரை (பார்ட்னரின் 1 நோ ட்ரம்புக்கு 2 டைமண்ட் சொன்னால் ஹார்ட் என்று பொருள்) மறந்து, டைமண்ட் என்று நினைத்தே 2 டைமண்ட் சொல்லிவிட்டேன். பார்ட்னர் அலர்ட் செய்த (அதற்குத் தனிப் பொருள் உண்டு என்று எதிராளிகளுக்கு உணர்த்திய) பிறகுதான் நினைவு வந்தது. உடனே ஹார்ட்டுக்கு மாறலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கூடாது. பார்ட்னரின் அலர்ட்டோ விளக்கமோ உங்களுக்கு உரிய தகவல் அல்ல. அதைக் கேட்காதவர் எப்படி பிட் செய்வாரோ (ஏலம் சொல்வாரோ) அப்படித்தான் தொடர வேண்டும். உங்கள் சொந்த கன்வென்ஷன் கார்டை (ஜோடியின் ஏல ஒப்பந்தங்களை எழுதிய அட்டையை) நடுவில் எடுத்துப் பார்ப்பதற்கும் அனுமதி இல்லை. ஆனால் உங்கள் பிட் முறை வரும்போது அதுவரை நடந்த பிட்டிங்கை மறுபடி சொல்லச் சொல்லலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

களைப்பான நாளில் உட்காருவதற்கு முன்பே, 'இன்று ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட் என்ற மூன்று கன்வென்ஷன் மட்டும், மற்றதெல்லாம் லீவு' என்று பார்ட்னரோடு பேசி முடித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக நினைவில் நிற்கும் கன்வென்ஷன், இல்லாததைவிட மோசம்.

கேள்வி: ஒரு போர்டு கெட்டதும் பார்ட்னர் அங்கேயே பாடம் எடுக்கிறார். அடுத்த போர்டும் போய்விடுகிறது. (சேலம் வாசகி)

பதில்: அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 24 போர்டு மேட்ச்பாயிண்ட் ஆட்டத்தில் (ஒவ்வொரு போர்டிலும் மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவது) ஒரு போர்டில் சராசரிக்குப் பதில் பூஜ்யம் வாங்கினாலும் மொத்த மதிப்பெண்ணில் குறைவது 2 சதவீதம்தான். பாடம் கேட்டுக்கொண்டே ஆடி அடுத்த இரண்டையும் விட்டால் அது 6 ஆகும். போர்டு எண்ணை ஸ்கோர் கார்டில் வட்டமிட்டு வைத்து, ஆட்டம் முடிந்தபின் பேசுவது என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடைவேளையில் காபி குடிக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஆட்டத்துக்கு முன் குடிப்பது மேல். இரவு 8 மணிக்குக் குடித்தால் கடைசி போர்டுக்கு உதவும், ஆனால் அன்றைய தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் ஆட்டத்தையும் பாழாக்கும். வயிறு முட்ட டிபன் வேண்டாம். வாய்ப்பிருந்தால் கிளம்புமுன் 20 நிமிடம் கண் மூடுங்கள், அதற்கு மேல் போனால் மந்தமாக எழுந்திருப்பீர்கள். நார்த் இருக்கையில் உட்கார்ந்தால் ஸ்கோர் போடும் வேலையும் தலையில் விழும் என்பதால், அன்று சவுத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜோடி எண்ணிக்கை ஒற்றைப்படையாகி ஒரு சுற்று சும்மா இருக்க நேர்ந்தால், பழைய போர்டுகளை அலசாமல் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள்.