ஆம்-இல்லை விருப்பங்களுக்கு எப்படிப் பெயரிடுவது?

மொரிசியசின் எபேனில் எழுதப்படும் சம்பளக் கணக்கு நிரலில், நிரலை ஓட்டும் கட்டளை வரியில் கொடுக்கும், பொது விடுமுறைகளைக் கணக்கில் எடுக்காதிருக்கும் விருப்பத்தைக் (ஆப்ஷன்) கையேடு ‘ஸ்கிப்-ஹாலிடேஸ்’ என்றும் சோதனைகள் ‘நோ-ஹாலிடேஸ்’ என்றும் குறிக்கின்றன, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘ஹாலிடேஸ்’ என்ற நேர்மறைப் பெயரையும் அதன் மறுப்பாக ‘நோ-ஹாலிடேஸ்’ என்பதையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்கிப்’ போன்ற விலக்குச் சொல் பெயருக்குள்ளேயே இருந்தால், அதை அணைக்க ‘நோ-ஸ்கிப்-ஹாலிடேஸ்’ என்று எழுத நேரும். தைப்பூசக் காவடி அன்று வேலை செய்தவருக்குக் கூடுதல் கூலி சேருமா என்று பார்ப்பவர் அந்த இரட்டை மறுப்பை மனத்துக்குள் அவிழ்த்துக்கொண்டிருக்க வேண்டும், பணம் சார்ந்த இடத்தில் அது ஆபத்தானது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி இந்த ‘நோ’ முன்னொட்டையே பரவலாகப் பயன்படுத்துகிறது. பைத்தான் மொழியில் கட்டளை வரி விருப்பங்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகத்திலும், 2020இல் வெளிவந்த 3.9 பதிப்பு முதல், ‘பூலியன்-ஆப்ஷனல்-ஆக்‌ஷன்’ என்று குறித்தால் இரு வடிவங்களும் தாமாகவே உருவாகின்றன.

‘ஹாலிடேஸ்=ஃபால்ஸ்’ என்று மதிப்பு கொடுக்கும் வழியை விட்டுவிடுங்கள். ஆர்க்பார்ஸில் மதிப்பின் வகையை ‘பூல்’ (ஆம்-இல்லை வகை) என்று குறித்தால், ‘ஃபால்ஸ்’ என்ற எழுத்துச்சரம் வெறுமையானதல்ல என்பதாலேயே ‘ட்ரூ’ (ஆம்) ஆகிவிடும்; பிழைச்செய்தி எதுவும் வராது. இதை அறியாமல் ஒரு மாதக் கணக்கு முழுவதையும் நான் மீண்டும் ஓட்டியிருக்கிறேன்.

சோதனைகளில், விருப்பம் கொடுக்கப்படாத நிலையையும் தனியாகப் பாருங்கள், பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான். இரு வடிவங்களும் ஒரே வரியில் வந்தால் பின்னதே செல்லும் என்பதையும் சோதியுங்கள். ‘ஸ்கிப்-ஹாலிடேஸ்’ என்ற பழைய பெயரை உடனே நீக்காமல், எச்சரிக்கை காட்டியபடி சில பதிப்புகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்.