கையால் செய்த சிந்தசைசரை விற்றேன், வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: கோவையில் இருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். 1981-ல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிபி-303 பேஸ் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் பாணியில் ஒரு அனலாக் கருவியை வீட்டிலேயே செய்து விற்கிறேன். இதுவரை ஐந்து விற்றிருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் பெங்களூரில் தனியாக ஒரு சின்ன ஸ்டூடியோ நடத்துபவருக்கு 38,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். விளம்பரத்தில் "அசல் 303-யின் அதே சத்தம், வின்டேஜ் பாகங்கள்" என்று போட்டிருந்தேன். பணம் யுபிஐ-யில் வந்தது, பில் கொடுக்கவில்லை. பார்சல் அனுப்பிய பிறகு "நோ ரிட்டர்ன், நோ வாரண்டி" என்று வாட்ஸ்ஆப்பில் சொல்லிவிட்டேன். இப்போது சுருதி விலகுகிறது, டெக்னீஷியன் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் புது ஐசி (சிப்) என்று சொல்லி, முழுப் பணமும் மன உளைச்சலுக்கு 1 லட்சமும் 15 நாளில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கொடுத்தே ஆக வேண்டுமா? ரோலண்டும் என் மேல் வழக்குப் போடுமா?

பதில்: சுருதியை விட, விளம்பரத்தில் நீங்கள் போட்ட அந்த ஒரு வரிதான் உங்களுக்குத் தொந்தரவு. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் அது அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் வரியில் இரண்டு பாதி இருக்கிறது. "அதே சத்தம்" என்பதைக் கடைக்காரர் தன் சரக்கைப் புகழ்வது என்று வாதாடிவிடலாம், காதுக்குக் காது அபிப்பிராயம் மாறும். "வின்டேஜ் பாகங்கள்" அப்படியில்லை. மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். பிஏ662 மாதிரியான அந்தக் காலத்து ஐசி-களின் உற்பத்தி நின்று பல காலமாகிவிட்டது, அதற்குப் பதிலாக இன்று செய்யப்படும் மாற்று ஐசி-யைப் போட்டிருந்தால் தொழில் ரீதியாக அதில் தப்பே இல்லை. சொல்லாமல் போட்டதுதான் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காததும் அதே பட்டியலில்தான் வருகிறது.

சுருதி விலகுவது வேறு கதை. சத்தத்தை உருவாக்கும் அனலாக் ஆஸிலேட்டர் சூடேறும் வரை கொஞ்சம் நகரத்தான் செய்யும், இந்தக் கருவிகளை வாசிப்பவர்களுக்கு அது தெரியும். ஆன் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து டியூன் செய்யச் சொல்லி ஒரு தாள் வைத்து அனுப்பியிருந்தீர்களா? அப்படியானால் அது அந்தக் கருவியின் இயல்பு என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. சூடேறி ஒரு மணி நேரம் ஆன பிறகும் விலகினால் அது குறைபாடுதான், நாமும் மழுப்ப வேண்டாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றை நோட்டீஸ் அனுப்பியவரே கொடுத்திருக்கிறார். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளி ஆள் ஒருவர் கருவியைத் திறந்திருக்கிறார். டியூனிங் டிரிம்மர் என்ற சின்னத் திருகை லேசாகத் திருகினாலே சுருதி போய்விடும். கருவி வெளியே போகும் முன் டிரிம்மர் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து சீல் செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அனுப்புவதற்கு முன் எடுத்த படங்களைத் தேடுங்கள். அந்தச் சொட்டு இப்போது உடைந்திருந்தால் யார் கை பட்டது என்று கேட்கலாம். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், குறைபாட்டைச் சோதனை செய்யாமல் தீர்மானிக்க முடியாத நிலையில் 38-ம் பிரிவுப்படி கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஐசி விஷயத்தில் மட்டும் இந்த வாதம் எடுபடாது. அதை மாற்றி வைத்தது டெக்னீஷியன்தான் என்று சொல்ல உங்களுக்கே மனசு வராது.

"நோ ரிட்டர்ன்" உதவாது. பணம் வாங்கி, பார்சலும் போன பிறகு சொன்ன நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது. முன்னாலேயே சொல்லியிருந்தாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்க அது போதாது. பில்லில் வேறு காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றே நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

ஸ்டூடியோக்காரர், வியாபாரத்துக்கு வாங்கினார், அதனால் நுகர்வோர் இல்லை என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். நம்ப வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாகப் பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோர் கணக்கில்தான் வைக்கிறது. அவர் தான் வசிக்கும் பெங்களூரிலேயே புகார் போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆக, "முடிந்தால் கேஸ் போடு" என்று வீறாப்புக் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், மேற்கொண்டு 15 நாள்தான் நீட்டிப்பு. அதையும் தாண்டினால் உங்கள் தரப்பை யாரும் கேட்க மாட்டார்கள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூட கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த 15 நாளுக்குள் பதிவுத் தபாலில் ஒரு பதில் அனுப்புவேன். கூரியர் செலவு என்னுடையது, கருவியை அனுப்புங்கள், பிரிப்பதை வீடியோ எடுக்கிறேன், அளந்து பார்த்துச் சரிசெய்து தருகிறேன், புது ஐசி இருப்பதால் வேண்டாம் என்றால் கருவி வந்ததும் 38,000-ஐத் திருப்பித் தருகிறேன் என்று அதில் இருக்கட்டும். 1 லட்சத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம், அதற்கு அடிப்படை இல்லை என்று ஒரே வரியில் எழுதினால் போதும். வாட்ஸ்ஆப் உரையாடல், விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு அவற்றைத் தாக்கல் செய்ய 2023-ம் வருட பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழ் வேண்டியிருக்கும். அழித்தால் அழித்ததே உங்களுக்கு எதிராகப் பேசும்.

சரி, ரோலண்ட். மின்சுற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பேடன்ட் 20 வருடத்தில் முடிந்துவிடும், 1981-ம் வருடக் கருவிக்கு எதுவும் மிச்சம் இருக்காது. சிந்தசைசர் செய்யும் மூக் நிறுவனத்தின் லேடர் ஃபில்டருக்கு (சத்தத்தின் தன்மையை மாற்றும் சுற்று) 1969-ல் அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது. அது உயிரோடு இருந்த காலத்தில் ஏஆர்பி என்ற போட்டி நிறுவனம் அதேபோல ஒன்றைச் செய்து, பிறகு தன் ஃபில்டரையே மாற்ற வேண்டிவந்தது. இன்று அதே ஃபில்டரை யார் வேண்டுமானாலும் செய்கிறார்கள். பெயரும் தோற்றமும் அப்படியில்லை. வணிகச் சின்னத்துக்கு ஆயுள் முடிவதே இல்லை, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். வெள்ளி நிறப் பெட்டி, அதே எழுத்துரு, முகப்பில் "303" என்று எல்லாம் சேர்ந்தால் வாங்குபவர் குழம்புவார் என்று அவர்கள் சொல்ல இடம் கிடைக்கும். உங்கள் பெயரை முகப்பில் பெரிதாகப் போடுங்கள். "303 பாணியில், கோவையில் கையால் செய்தது, புது பாகங்கள்" என்று விவரத்தில் எழுதுவதில் தவறில்லை. பிசிபி (சர்க்யூட் போர்டு) வரைபடமோ, கருவிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மென்பொருளோ வேறொருவருடையதாக இருந்தால் அதன் லைசென்ஸைப் படித்துவிடுங்கள். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சிந்தசைசர் நிறுவனம் தன் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தது, ஆனால் அதை வைத்துச் செய்த கருவிக்குத் தன் பெயரைப் போட அனுமதிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, ஜிஎஸ்டி. வருட விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே என்றால் பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைதான். தொழிலாகச் செய்துகொண்டு வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் ஒரு கருவிக்கும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. அது அலங்கார வேலைப்பாடு உள்ளவற்றுக்கானது, கையால் சால்டர் வைத்தேன் என்று அதற்குள் நுழையப் பார்க்காதீர்கள். பெங்களூர் விற்பனை ஏற்கெனவே நடந்துவிட்டதால், அடுத்த பார்சல் போகும் முன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். பில் புத்தகமும் அப்போதே அச்சடித்துக்கொள்ளலாம்.