சருகைக் கிளறினால்: கேள்வி பதில்

ஆனைமலைப் பக்கம் பல வருடமாகச் சருகைச் சலித்துப் பூச்சி பார்ப்பவன் என்பதால், நண்பர்கள் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

உடுமலை அன்பர்: பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பூச்சி வகைகள் கூடும் என்கிறார்கள். நாமும் 11 டிகிரிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறோம்? என் தோப்பில் நாலு வகை எறும்புக்கு மேல் காணோமே அண்ணா?

பொதுவாக அது உண்மைதான். ஐஸ்லாந்தில் பூர்விக எறும்பு ஒன்றுகூடக் கிடையாது. இந்தியாவில் 800 இனங்களுக்கு மேல். ஆனால் அட்சரேகை தானாக எதையும் செய்யாதுங்க. அதோடு வரும் வெப்பமும் ஈரமும்தான் செய்கின்றன. கோவைக்கும் வால்பாறைக்கும் அட்சரேகையில் ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. மழையைப் பாருங்கள்: கோவையில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர், வால்பாறை பக்கத்துச் சின்னக்கல்லாறில் 3,000-ஐத் தாண்டும். தென்மேற்குப் பருவமழையை மலை வாங்கிக்கொள்கிறது, நமக்குக் காற்று மட்டும் மிச்சம். சருகுப் பூச்சிகள் பலவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அவ்வளவு சின்ன உடம்பு சீக்கிரம் காய்ந்துவிடும். குளிர்நாட்டில் வெப்பம் போதாமல் வகை குறைகிறது, நம் சமவெளியில் ஈரம் போதாமல் குறைகிறது.

சத்தியமங்கலத்திலிருந்து: மாசி, பங்குனியில் இங்கே காட்டில் கணுக்கால் மூழ்கச் சருகு கிடக்கிறது. அப்போதுதானே பூச்சி அதிகம் இருக்கணும்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்து ஒரு மாசி மாதம் மூட்டை மூட்டையாகச் சலித்தேன். கிடைத்தது தூசி. இலையுதிர் காட்டில் சருகு கனமாகக் கிடப்பதே காய்ந்த காலத்தில்தான். பூச்சிகள் மண்ணுக்குள் இறங்கிவிடும். முதல் மழை நனைத்த பிறகு அதே இடத்தில் பாருங்கள். மழைக்காட்டிலோ சருகு மெலிசாகத்தான் இருக்கும், விழுந்தது சீக்கிரம் மக்கிப்போவதால்.

பொள்ளாச்சி ஆசிரியை: வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவில் பூச்சிகளும் மாறுமா?

மாறும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிரும். 1967-இல் டேனியல் ஜான்சென் என்ற சூழலியல் அறிஞர் ஓர் அருமையான கருத்து சொன்னார்: வருடம் முழுக்க வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் பழகிய உயிருக்கு, அந்தச் சின்ன வித்தியாசமே பெரிய மதில். பனிக்கும் வெயிலுக்கும் பழகிய குளிர்நாட்டுப் பூச்சிக்கு அது ஒன்றுமில்லை. அதனால் நம் மலைகளில் உயரத்துக்கு உயரம் வேறு இனங்கள் வர வாய்ப்பு அதிகம். ரொம்ப உயரத்தில் எறும்பு குறைந்துவிடும், அது வேறு.

திருப்பூரிலிருந்து: மரவட்டை பூச்சிதானே?

இல்லைங்க. பூச்சிக்குக் கால் ஆறு.

கோபியிலிருந்து: வீட்டில் பார்க்க வழி உண்டா?

20 லிட்டர் தண்ணீர் கேனின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல் ரெடி. உள்ளே கம்பி வலை, அதன்மேல் ஈரச் சருகு, கீழே ஈரத்துணி போட்ட பாட்டில். மேலே சருகில் படாமல் ஒரு 40 வாட் குண்டு பல்பு. சூட்டுக்குப் பயந்து எல்லாம் கீழே இறங்கும். ஸ்பிரிங்டெயில் என்ற குட்டி உயிர் விழுந்த வேகத்தில் துள்ளும். அதைப் பிடித்துத் தின்னும் ஸ்ட்ரூமிஜெனிஸ் எறும்பு, தாடையைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாக நடக்கும். லென்ஸ் இல்லாமல் பார்த்தால் மண்துகள் என்று தட்டிவிடுவீர்கள்.

மறுபடி உடுமலை அன்பர்: அப்போ தென்னை மட்டையை எரிக்காமல் மூடாக்காகப் போடட்டுமா?

போடுங்கள், ஈரம் நிற்கும். ஆனால் எருக்குழியை மறக்காதீர்கள், தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழு அங்கேதான் வளரும்.