உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்: ஓய்வுபெற்ற தாதியின் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கே: மிஸ்ஸி, அம்மா வார்டில் இருக்கிறார். கையில்தான் பட்டை கட்டியிருக்கிறதே, ஊசிக்கு வரும்போதெல்லாம் எதற்குப் பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் கேட்கிறார்கள்?

ப: கேட்கட்டும் தம்பி. முனியாண்டி மகள் லெட்சுமி என்று நம் தோட்டங்களில் எத்தனை பேர்! வேறு ஊரில் நான் வேலை பார்த்தபோது அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள். "நீங்கள்தானே லெட்சுமி?" என்று கேட்டார் புதிதாக வந்த தாதி. பாட்டி தலையாட்டினார், அவரும் லெட்சுமிதானே! இன்சுலின் ஊசி கைவரை வந்துவிட்டது. "அம்மாவுக்கு இனிப்புநீரே (சர்க்கரை நோயே) இல்லையே" என்று மகள் சத்தம் போட்டதால் தப்பித்தார். சர்க்கரை அளவு சட்டென்று இறங்கினால் மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. அதனால் "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும், நோயாளி வாயால் சொல்ல வேண்டும். ஐசியின் 12 இலக்கமும் பட்டையோடு ஒத்துப்போக வேண்டும். இரத்தம் ஏற்றும்போது இன்னும் கவனம் தேவை.

கே: இனிப்புநீர் மாத்திரை நிறம் மாறிவிட்டது. சாப்பிடலாமா?

ப: இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். நிறத்தை வைத்து நான் சொல்ல முடியாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். அட்டையில் உள்ள பெயரைப் பார்மசியில் காட்டுங்கள். மாத்திரைகளை மைலோ டின்னில் கொட்டி வைக்காதீர்கள்.

கே: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். வலி தாங்காமல் அப்பா தினமும் போடுகிறார்.

ப: உடனே நிறுத்தச் சொல்லி இன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள், நாளைக்கு வேண்டாம். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் இரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

கே: முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது?

ப: கிளினிக் கேசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்கில்) கேளுங்கள்.

கே: டாக்டரை எதிர்த்துக் கேட்கச் சொல்லித் தருகிறீர்களே, அது மரியாதையா?

ப: ஐயா, "இது என்ன மருந்து, எதற்கு?" என்று கேட்பதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? "பென்சிலின் எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லாமல் இருப்பதா மரியாதை?

கே: படித்தவர்கள் கேட்கலாம். நாங்கள் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

ப: சுளிக்கட்டும். அன்று சத்தம் போட்டு ஊசியைத் தடுத்த அந்த மகள் ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐயா.