வக்கீலம்மா பதில்கள்: மூடியைக் கழற்றி வையுங்கள்

கேள்வி: அம்மா, நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். காப்புரிமை (பேட்டன்ட்) வழக்கறிஞராக ஆசை. நீங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த வழக்குகளை நடத்தியவர் என்று போன இதழில் படித்தேன். எங்கிருந்து தொடங்கினீர்கள்? சட்டம் மட்டும் படித்தால் போதாதா?
– ஒரு மாணவி, உதகை

பதில்: நீ உட்கார்ந்திருக்கும் அதே கல்லூரியில்தான் தொடங்கினேன், கண்ணு. ஆனால் வேதியியலை முதலில் சொல்லிக்கொடுத்தது அப்பா. இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் இருட்டறை வேலை அவருக்கு. பிலிமில் பூசும் மருந்து, அதாவது வெள்ளி உப்பு, வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் அங்கே எல்லாம் கைத்தடவல்தான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது விளக்கே போடாமல் சட்டைப் பொத்தான், மப்ளர், டிபன் பாக்ஸ், குடை என்று வரிசை மாறாமல் எடுத்துக்கொள்வார். வெள்ளி உப்பு ஏன் கறுக்கிறது என்று எட்டு வயதில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பட்டம் முடித்து, சென்னையில் சட்டம் படித்து, 1982-இல் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். வந்ததெல்லாம் வணிகச் சின்ன (டிரேட்மார்க்) வழக்குகள்: பீடி லேபிள், ஊதுபத்தி லேபிள், மூக்குப்பொடி லேபிள். காப்புரிமை வழக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தால் அதிகம். காரணம் உண்டு. 1972-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான், அதுவும் மிஞ்சிப்போனால் ஏழு ஆண்டு. இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கை. சேர்ந்த முதல் வாரமே சீனியர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பொங்கல் விடுமுறை அதிலேயே கழிந்தது. நீயும் அதில் தொடங்கு. பாடப் புத்தகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2005 ஜனவரி முதல் தேதியிலிருந்து மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்று ஆனது. இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தூசி படிந்திருந்த என் வேதியியலுக்கு அப்போதுதான் வேலை வந்தது.

சட்டம் மட்டும் போதுமா என்றால், நீதிமன்றத்தில் வாதாடச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் போதும். காப்புரிமை விண்ணப்பங்களை எழுதித் தாக்கல் செய்பவர் காப்புரிமை முகவர்; அந்தத் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள். எதிர்த்தரப்பு நிபுணர் சாட்சிக் கூண்டில் கதை விடும்போது பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிக்க வேண்டியிருக்காது.

காப்புரிமை ஆவணத்தைப் பின்னாலிருந்து படிக்கப் பழகிக்கொள். முன்பக்கமெல்லாம் வர்ணனை, ‘நாங்கள் உரிமை கோருவது’ என்று முடிவில் வரும் கிளெய்ம்கள்தான் வேலி. பஜாஜ் நிறுவனமும் டிவிஎஸ் நிறுவனமும் இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக மோதிய வழக்கு தெரியுமா? பஜாஜின் கிளெய்மில் சிலிண்டரின் உள்விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் என்று ஓர் அளவு இருக்கும். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்குத் தடை கொடுத்தார். மறு ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இத்தகைய வழக்குகளைத் தள்ளிப்போடாமல் நாள்தோறும் நடத்தி முடியுங்கள் என்றது. (நாள்தோறும்! வாய்தா வாங்கியே வயதான நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.)

நான் தோற்ற ஒரு வழக்கையும் சொல்கிறேன். ஜெயித்தவற்றைவிட அது உனக்கு உதவும். தொண்ணூறுகளில் நடந்தது. தேயிலை வாட்டும் தொட்டியில் காற்றின் திசையை மாற்றும் ஒரு தகடு. காப்புரிமை என் கட்சிக்காரருடையது. பதிவேடு, அரசிதழ், வெளிநாட்டு ஆவணங்கள் எல்லாவற்றையும் சலித்துவிட்டேன். இடைக்காலத் தடை கைக்கு வந்த மாதிரிதான் என்று இருந்தேன். விசாரணையன்று எதிர்த்தரப்பு இளம் வக்கீல் ஒரு பழைய இயந்திர கேட்லாக்கை நீட்டினார். அட்டையில் கிரீஸ் கறை, ஓரமெல்லாம் தேயிலைத் தூள். பதினோராம் பக்கத்தில் அதே தகடு, அதே கீல், எங்கள் விண்ணப்பத்துக்கு வெகுகாலம் முன் அச்சானது. குன்னூர் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலையில் ஃபிட்டரின் அலமாரியில் கிடந்ததாம். அந்தத் தொழிற்சாலை என் சித்தி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்! இலை வாடும் மணத்தோடு வளர்ந்தவள், வழக்குக்காக அங்கே ஒருமுறை எட்டிப்பார்க்கவில்லை. மனு தள்ளுபடி. அதன் பிறகு சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த வழக்கிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

கேள்வி: காப்புரிமையை மீறியவர்மேல் ஊட்டியிலேயே வழக்குப் போட முடியாதா? ஒவ்வொன்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: போடலாம். மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றம் வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 104. உதகையில் அது இருக்கிறது. ஆனால் எதிராளி சும்மா இருப்பாரா? ‘உன் காப்புரிமையே செல்லாது, ரத்து செய்யுங்கள்’ என்று எதிர்க்கோரிக்கை வைத்த உடனே வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அநேகமாக எல்லோரும் வைப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, கோத்தகிரி அருகே அப்பா காலத்திலிருந்து தைலம் காய்ச்சுகிறோம். அடுப்பு மும்முரமாக எரியும்போது இலைத்துணுக்கு ஆவியோடு குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். மூடிக்கு உள்ளே ஒரு சுருள் தகடு பொருத்தினேன், அடைப்பு நின்றது. இரண்டு ஆண்டுக்கு முன் மே மாதம் ஒரு கண்காட்சியில் வைத்து எல்லோருக்கும் விளக்கினேன். இப்போது பக்கத்து எஸ்டேட்காரர் அதேபோல் செய்து விற்கிறார். தடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, முடியாது. விண்ணப்பம் போடும் முன்பே ஊரறியக் காட்டிவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அது புதியது இல்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருந்தால் பன்னிரண்டு மாதம் விலக்கு உண்டு. நீங்கள் சொல்வது அப்படிப்பட்டதாகவே இருந்தாலும் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. பக்கத்து எஸ்டேட்காரரை ஏசலாம், வழக்குப் போட முடியாது.

புதியதாக இருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று வரும்: கைதேர்ந்த எந்தத் தொழிலாளியும் செய்யக்கூடிய திருத்தமா இது? மிர்சாபூரில் பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடையும் ஒரு முறைக்கான காப்புரிமையை 1978-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லித்தான் ரத்து செய்தது.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி இருக்கிறதே: ‘இப்போது தகட்டில் துளை போட்டுச் சாய்வை மாற்றியதில் விறகு பாதிதான் செலவாகிறது.’ இதை யாருக்காவது காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். கண்டுபிடிப்பை முதற்கட்டமாக விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் அந்தத் தேதி உங்களுடையது; முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம். தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். விறகை எடைபோட்டு, பழைய மூடியில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு நானே வருகிறேன். சனிக்கிழமை இரவே அடுப்பை அணைத்து, மூடியைக் கழற்றி வையுங்கள். சூட்டில் என்னால் தொட்டுப் பார்க்க முடியாது. பக்கத்து எஸ்டேட்காரர் எட்டிப்பார்த்தால், சென்னையிலிருந்து அத்தை வந்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.