மை ஃபேர் லேடி: தலைப்பு எங்கே?

அன்புள்ள ஐயா,

போன வாரம் ‘மை ஃபேர் லேடி’ (1964) படம் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தலைப்பு எந்தப் பாட்டில் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன், கடைசிவரை வரவில்லை. ‘ஓக்லஹோமா!’ என்ற இசை நாடகத்தில் தலைப்பே ஒரு பாட்டு. இதில் மட்டும் ஏன் இப்படி? இந்தப் பெயரை எங்கிருந்து பிடித்தார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் நடுவில் கண்ணயர்ந்துவிடவில்லை. அந்த மூன்று சொற்கள் படத்தில் எங்கும் இல்லை. 1956-ல் நியூயார்க்கின் நாடகப் பேட்டையான பிராட்வேயில் மேடையேறிய மூலத்திலும் இல்லை. ‘லண்டன் பிரிட்ஜ் இஸ் ஃபாலிங் டவுன்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் எல்.கே.ஜி.யில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டின் ஒவ்வொரு சரணமும் போய் முடிகிற இடம் அது. பாட்டும் வசனமும் எழுதிய லெர்னரும் இசையமைத்த லோவும் முதலில் ‘லேடி லைசா’ என்றுதான் வைத்திருந்தார்கள். நல்லவேளை, விட்டுவிட்டார்கள். இந்தக் கதைக்கு மூலமான பெர்னார்ட் ஷாவின் நாடகத்துக்கு ‘பிக்மேலியன்’ என்று பெயர். அது தான் செதுக்கிய சிலையைக் காதலித்த ஒரு சிற்பியின் பெயர், அதாவது பூக்காரி எலைசாவுக்குப் பேசக் கற்றுத்தரும் வாத்தியார் ஹிக்கின்ஸ் பக்கத்துப் பெயர்.

இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். மேஃபேர் என்பது லண்டனின் பணக்காரப் பேட்டை. எலைசா பேசும் காக்னி என்ற லண்டன் ஏழைகளின் கொச்சையில் ‘ஏ’ ஒலி ‘ஐ’ ஆகிவிடும். ரெயின் ‘ரைன்’ ஆகும், ஸ்பெயின் ‘ஸ்பைன்’ ஆகும். ஹிக்கின்ஸ் அவளை ராத்திரி பகலாக உட்காரவைத்துப் படுத்தி எடுப்பது இந்த ஒரு ஒலிக்காகத்தானே? சரி, அவளை ‘மேஃபேர் லேடி’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘மைஃபேர் லேடி’ என்பாள். பூக்கூடையோடு கோவென்ட் கார்டனில் நிற்கிற பெண், தான் ஆகப்போகிற சீமாட்டியின் பெயரைத் தப்பாகச் சொல்கிறாள். படத்தில் யாரும் தலைப்பைச் சொல்லாததில் எனக்குக் குறையே இல்லை.

‘ஓக்லஹோமா!’வுக்கும் அந்தப் பெயர் பிறவியிலேயே வந்ததல்ல. 1943 மார்ச்சில் நியூ ஹேவனில் வெள்ளோட்டம் பார்த்தபோது அதன் பெயர் ‘அவே வி கோ!’. அதே மாதக் கடைசியில் பிராட்வேக்கு வருவதற்குள் பாட்டின் பெயரை எடுத்து நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். பழைய பெயரின் ஆச்சரியக்குறி மட்டும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ என்ற இன்னொரு இசை நாடகத்தில் கதை மாறியதால் பெயரும் மாறியது. 1949-ல் நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸ் யோசித்தபோது நியூயார்க்கின் கிழக்குப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் யூதக் குடும்பத்துக்கும் பகை என்று இருந்தது. பெயர் ‘ஈஸ்ட் சைட் ஸ்டோரி’. அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு சில வருஷம் கழித்து எடுத்தார்கள். அப்போது எதிரணிக்குப் போர்ட்டோ ரீக்கோ பையன்கள் வந்தார்கள், பேட்டையும் மேற்கே நகர்ந்தது.

அப்புறம், மேஃபேர் விஷயத்தில் ஒரு சின்ன இடறல். ஹிக்கின்ஸ் குடியிருப்பது மேஃபேரில் அல்ல, விம்போல் தெரு 27ஏ-யில். ஆக்ஸ்ஃபோர்டு தெருவைத் தாண்டி வடக்கே போகவேண்டும்.